ஒத்திகை அறையில் எதைப் பார்ப்பது?

"முதுகலை ஆய்வுக்காக, மாற்றுத்திறனாளி நடனக் கலைஞர்கள் ஒரு படைப்பை எப்படி உருவாக்கி ஒத்திகை பார்க்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன். நேர்காணலுக்கான இருபது கேள்விகளை இணைத்திருக்கிறேன். கேட்டால் மனம் புண்படுமோ, அக்கா?"
- வாசகி, மதுரை

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் தயக்கம் நியாயமானது. இருபதில் பதினான்கு கேள்விகள் உடலுக்கு என்ன ஆயிற்று, எப்படி மீண்டீர்கள் என்றே சுற்றி வருகின்றன. ஒத்திகை பற்றி இரண்டுதான். அந்தப் பதினான்கையும் அடித்துவிடுங்கள்.

இந்தப் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. 1981-இல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்தால் காலை இழந்த பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன், ஜெய்ப்பூர் செயற்கைக் காலுடன் 1984-இல் மீண்டும் மேடையேறிய கதையைக் கேட்டே வளர்ந்தோம். தரையை உணராத அந்தப் பாதத்தால் தரையைத் தட்டி ஆடும் தட்டடவு போடும்போது தாளத்தை எப்படிப் பிடித்தார் என்று எத்தனை பேர் கேட்டோம்? உங்கள் ஆய்வு அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஸ்காட்லாந்துக்காரரான கிளேர் கன்னிங்ஹாம் பாடகியாகப் பயின்றவர். பிறகு தன் ஊன்றுகோல்களிலிருந்தே ஒரு நடன மொழியை உருவாக்கிக்கொண்டார். நான்கு இடங்களில் தரையைத் தொடும் உடல் எடையை மாற்றும் விதமே வேறு. கோலின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால், தரையில் கொஞ்சம் ஈரம் இருந்தால், அசைவே மாறிவிடும். இப்படிப்பட்ட கலைஞரின் ஒத்திகையில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த ரப்பரைத்தான். தோளும் மணிக்கட்டும் எப்போது ஓய்வு கேட்கின்றன, ஓய்வெடுக்கையில் கோலை எங்கே சாய்த்து வைக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஆலிஸ் ஷெப்பர்டும் லாரல் லாசனும் சக்கர நாற்காலியில் ஆடும் 'டிசென்ட்' படைப்புக்கு மேடையில் ஒரு பெரிய சாய்தளமே எழுந்தது. சரிவில் நாற்காலி தானாக உருளும். அந்த வேகத்தை எங்கே விடுவது, எங்கே பிடிப்பது என்பதே அங்கே நடன அமைப்பு.

நேர்காணலுக்கு முன் சில நாட்கள் ஒத்திகையில் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். நாற்காலியையோ கோலையோ கேட்காமல் தொடாதீர்கள். அவையும் அவர்கள் உடல்தான். அவர்கள் செலவிடும் நேரத்துக்குப் பணம் கொடுங்கள், இது முக்கியம்.

ஒரு குறிப்பிட்ட உடலிலிருந்து பிறந்த அசைவு யாருக்குச் சொந்தம், வேறொருவர் அதை ஆடலாமா? இத்தகைய கேள்விகளுக்காகவே கோவென்ட்ரி பல்கலைக்கழகத்தின் 'இன்விசிபிள் டிஃபரன்ஸ்' ஆய்வில் நடன ஆய்வாளர்களோடு சட்ட அறிஞர்களும் சேர்ந்தார்கள். நீங்களும் எழுதியதை அச்சுக்கு முன் அந்தக் கலைஞர்களிடம் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

திருத்திய கேள்விகளை அனுப்புங்கள், அவசியம் படிக்கிறேன்.