வவுனியாவில இருந்து முல்லைத்தீவுக்குப் பத்துப் பேர் சைக்கிளில போக என்ன ஆயத்தம் செய்யவேணும்?

முதல் வேலையா பத்துச் சைக்கிளையும் ஒரு முற்றத்தில நிப்பாட்டி, ரயரின்ர பக்கத்தில பொறிச்சிருக்கிற அளவை வாசியுங்கோ. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், அங்க கிழக்கால திரும்பி ஒட்டுசுட்டான் எண்டு போனால் கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர். கால் நோவை இடையில இருந்து ஆறிச் சமாளிக்கலாம். பொருந்தாத ரியூபை வச்சு ஒண்டும் செய்ய ஏலாது.

பழைய பெரிய சைக்கிளுக்கு 28 x 1½. லேடீஸ் சைக்கிளுக்குப் பெரும்பாலும் 26 x 1 3/8, மவுண்டன் சைக்கிளுக்கு 26 x 1.95. கடைசி ரெண்டும் 26 தானே எண்டு ஒரே ரயரைக் கட்டிக்கொண்டு போறவைதான் மாட்டுப்படுறது. ஒண்டு இருக்கிற றிம் 590 மில்லிமீற்றர், மற்றது 559. ஏறவே ஏறாது. அதனால ஒவ்வொரு அளவிலயும் ரெண்டு ரியூப் வேணும்.

வால்வையும் பாருங்கோ. பழைய வால்வுக்குள்ள இருக்கிற சின்ன ரப்பர் வெயிலில உக்கிப்போகும். ரியூபில ஓட்டை தேடித் தேடிக் களைச்ச பிறகுதான் காத்துப் போறது அதாலதான் எண்டு தெரியவரும். ஒரு சாண் ரப்பர் காற்சட்டைப் பைக்குள்ள கிடக்கட்டும். றேஸ் சைக்கிளின்ர மெல்லிய வால்வுக்கு ஊர்க் கடைப் பம் பிடிக்காது, அதில பூட்டுற பித்தளை அடப்டர் ஒண்டு வாங்கி வையுங்கோ.

பஞ்சர் ஆனால் புது ரியூபைப் போட முதல் ரயருக்குள்ள பஞ்சையோ பழந்துணியையோ சுத்திவர இழுங்கோ. முள்ளு நிண்டால் நூல் அதில கொழுவும். இதைச் செய்யாமல் விட்டால் அரைக் கட்டை போக முதல் திரும்பவும் காத்துப் போகும்.

பெடலை மிதிக்கேக்க ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு 'டக்' கேட்டால் கொட்டர் பின், அதாவது பெடல் தண்டை அச்சில இறுக்கிற ஆணி, தளர்ந்திருக்கு. வீட்டிலேயே மாத்துங்கோ, றோட்டில கல்லால அடிச்சு இறுக்கிறது பத்துக் கட்டைக்குத்தான் தாங்கும்.

சீற் உயரம்: பெடல் அடியில நிக்கேக்க குதிக்கால் வச்சால் கால் நேரா நீளவேணும். முழங்கால் நோவு அரைவாசி அதோட போயிடும்.

விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டால் எட்டு மணிக்குள்ள மாங்குளம், அதுதான் பாதி வழி. லைற் இல்லாமல் ஒருத்தரும் வரக்கூடாது. மாங்குளத்துக்கு அங்கால காடு. யானை நடமாட்டம் இருக்கிறபடியால் அந்தத் துண்டை நல்ல வெளிச்சத்திலதான் கடக்கவேணும். கச்சானுக்குப் பேர்போன முறிகண்டி இந்த வழியில வராது, கச்சானை வவுனியாவிலேயே வாங்குங்கோ.

தண்ணி மணித்தியாலத்துக்கு ஆளுக்கு அரை லீற்றருக்குக் குறையக்கூடாது. வெறுந்தண்ணி மட்டும் குடிச்சுக்கொண்டு போனால் மத்தியானம் கிறுதி, தலைச்சுத்து வரும். ஜீவனி எண்ட உப்புச் சீனிப் பொடிப் பைக்கற் ஒண்டை ஒரு லீற்றரில கரைச்சு வையுங்கோ. புட்டு வயிறு முட்டச் சாப்பிட்டிட்டு ஏறாதேங்கோ, வாழைப்பழம் போதும்.

பத்துப் பேரும் ஒரே வரிசையா ஓடினால் பஸ் முந்த இடமில்லை. ஐஞ்சு ஐஞ்சா பிரிஞ்சு, நடுவில நூறு மீற்றருக்கு மேல இடைவெளி விடுங்கோ. பம்மும் ஒட்டுற சாமானும் கடைசி ஆளிட்ட இருக்கட்டும். முன்னுக்குப் போறவரிட்ட இருந்தால் பின்னுக்கு நிண்டவருக்கு என்ன பிரயோசனம்?

சோழகம் (தென்மேல் காத்து) அடிக்கிற மாதமெண்டால் போகேக்க காத்து முதுகில, திரும்பேக்க முகத்தில. வாற நாளுக்கு ஒண்டரை மடங்கு நேரம் வையுங்கோ, இல்லாட்டி சைக்கிள்களை லொறியில ஏத்துங்கோ.