தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்துக்குத் தன்னார்வ ஆசிரியராகப் போனால் என்ன சிக்கல் வரும்?

முதலில் விசா. சம்பளம் வாங்காவிட்டாலும் சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் நடத்த முடியாது. இது தெரியாமல் ஹட்டனில் போய் இறங்கி, இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அழைத்தவர்களும் முன்கூட்டியே வாய் திறக்கவில்லை.

அப்புறம் மழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மண் சரிந்தால் பாதை அடைபடும். தேயிலைக்கு நடுவே நடந்தால் காலில் அட்டை ஏறும். சவர்க்காரத்தை (நம்மூர் சோப்புதான்) காலில் தேய்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்ததே லயத்துப் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) பொடியன் ஒருவன்தான்.

தமிழ்தானே என்று அலட்சியமாகவும் போகாதீர்கள். அங்கே வகுப்பு என்றால் 'தரம்'. ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை (கல்வி உதவித்தொகைத் தேர்வு) வேறு இருக்கிறது. இலங்கைப் பாடநூலைப் புரட்டாமல் போய் நின்றால் பிள்ளைகளுக்குத் தொந்தரவுதான். நான் சுமந்துபோன தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்கள் கடைசிவரை பெட்டியிலேயே கிடந்தன.