சொந்த வேனில் சொந்த பைக்கை ஏற்றினால் என்ன குற்றம்?

கேள்வி: நான் பெரம்பூரில் இருக்கிறேன். நானும் இரண்டு நண்பர்களும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பைக் ரேஸ் ஓட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் லோடு வண்டிக்கு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அதனால் 12 பேர் உட்காரும் பழைய வேன் ஒன்றை என் பெயரில் வாங்கினோம். வெள்ளை போர்டு. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரும்புச் சட்டங்களைத் தரையில் வெல்டிங் வைத்தோம். பக்கவாட்டில் ஒரு பலகை அடித்து மெத்தையும் போட்டிருக்கிறோம். போன மாதம் நசரத்பேட்டை அருகே பிரேக் இன்ஸ்பெக்டர் நிறுத்தி செக் ரிப்போர்ட் எழுதிவிட்டார். பைக்குகளுக்கு ஏன் நம்பர் பிளேட் இல்லை என்றும் கேட்டார். வாடகைக்கு ஓட்டவில்லை; எங்கள் வேன், எங்கள் பைக். இதில் என்ன குற்றம்? வேறு வேன் வாங்க வேண்டுமா? இன்சூரன்ஸ் இருக்கிறதே, போதாதா?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் ‘வாடகைக்கு ஓட்டவில்லை’ என்ற பதில் இங்கே எடுபடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(14) என்ன சொல்கிறது என்று பாருங்கள். சரக்கு ஏற்றுவதற்கென்றே கட்டிய வண்டி சரக்கு வண்டி. அப்படிக் கட்டாத வண்டியில் சரக்கு ஏற்றினால் அதுவும் சரக்கு வண்டிதான். சரக்கு யாருடையது, வாடகை வாங்கினீர்களா என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை.

ஒரு விலக்கு உண்டு. காரிலோ, காருக்குப் பின்னால் மாட்டிய டிரெய்லரிலோ போகும் சொந்த சாமான் ‘சரக்கு’ ஆகாது என்கிறது பிரிவு 2(13). ஆனால் டிரைவர் தவிர ஆறு பேருக்கு மேல் உட்காரும் வண்டி சட்டப்படி கார் இல்லை, ஆம்னிபஸ். உங்களுடையது 12 பேர் வண்டி என்பதால் அந்த விலக்கு கிடைக்காது. பயணிகளின் சொந்த லக்கேஜுக்கும் விலக்கு இருக்கிறது. ஆனால் மூன்று ரேஸ் பைக்குகளை லக்கேஜ் என்று எந்த நீதிபதியும் ஒப்புக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது மாற்றம் செய்த விஷயம். ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது பிரிவு 52. 2019 ஜனவரியில் கே. ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்தது. உங்கள் ஆர்.சி.யில் 12 சீட், வண்டிக்குள் இரண்டு மூன்று சீட். இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்ததுமே அவருக்கு வேறு சாட்சி தேவைப்பட்டிருக்காது. பிரிவு 182ஏ(4)-ன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அத்துடன் ஆர்.சி.யில் மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் என்று இருந்தால், சரக்கு ஏற்ற பெர்மிட் எங்கே என்ற கேள்வியும் வரும். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், சிறைக்கும் இடமுண்டு.

பைக்குகளுக்கு நம்பர் பிளேட் இல்லாதது குற்றமே இல்லை. பதிவு செய்யாத வண்டியை ஓட்டக் கூடாது என்றுதான் பிரிவு 39 சொல்கிறது. கட்டி ஏற்றிக்கொண்டு போகும் பைக் ஓடவில்லை, அது சரக்கு. டிராக்குக்கென்றே செய்யும் பைக்குகள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போகாமல்தான் வருகின்றன. ஆனால் திருட்டு வண்டி இல்லை என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. ஒவ்வொரு பைக்குக்கும் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் உள்ள பில், பழைய ரேஸரிடம் வாங்கியிருந்தால் விற்பனைக் கடிதம், மோட்டார் ரேஸ் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. கொடுத்த உங்கள் ரேஸ் லைசென்ஸ், அன்றைய ரேஸின் என்ட்ரி, எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். அப்புறம், டிராக் கேட்டிலிருந்து டீக்கடை வரைக்கும்கூட அந்த பைக்கை ஓட்டாதீர்கள். அந்தப் பத்தடியில் ஒருவர் மேல் இடித்தால் இன்சூரன்சும் இருக்காது, பதிவும் இருக்காது.

வேறு வேன் வாங்க வேண்டுமா? ஆமாம், வாங்குங்கள். இந்த வேனைச் சரக்கு வண்டியாக மாற்றித் தருகிறேன் என்று புரோக்கர் யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள். கம்பெனியே சரக்கு வண்டியாக விற்ற வண்டியைத் தேடுங்கள். மூடிய கார்கோ வேன் கிடைத்தால் நல்லது. மழைக்கும் திருட்டுக்கும் அதுதான் தோது. மினி டிரக், பிக்கப் மலிவாகக் கிடைக்கும். பின்கதவைத் திறந்துபோட்டு பைக்கின் பின்சக்கரம் வெளியே தொங்கும்படி கட்டுவதைத் தினமும் பார்க்கிறோம். பாடிக்கு வெளியே சரக்கு நீண்டால் பிரிவு 194(1ஏ)-ன்படி 20,000 ரூபாய். ரேஸ் பைக் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம் என்பதால், வாங்கும் முன் டேப் பிடித்துத் தரையை அளந்துவிடுங்கள்.

செகண்ட்ஹேண்ட் வண்டி என்றால் ஆர்.சி.யில் முதலில் வாகன வகை, பிறகு மொத்த எடை பாருங்கள். 3,000 கிலோவுக்குள் இருந்தால் பிரிவு 66(3)-ன்படி பெர்மிட்டே வேண்டாம்; கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே டிராக்குக்குப் போனாலும் அந்தத் தலைவலி இல்லை. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றின் தேதி முக்கியம். எட்டு வருடத்துக்கு மேல் ஆன சரக்கு வண்டிக்கு அது வருடாவருடம் எடுக்க வேண்டும். மஞ்சள் போர்டு ஓட்ட பேட்ஜ் வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியைச் சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

உள்ளே எதையும் வெல்டிங் வைக்காதீர்கள். கனமான பிளைவுட் பலகையில் சக்கரத்தாங்கிகளை போல்ட் போட்டு, அந்தப் பலகையை வண்டியில் வைத்து, கம்பெனி கொடுத்த கொக்கிகளில் ராட்செட் பெல்ட்டால் இறுக்குங்கள். ஒரு பைக்குக்கு நான்கு பெல்ட். ஏற்றும் சரிவுப் பலகையும் கையால் தூக்கி வைக்கிற மாதிரியே இருக்கட்டும். ரேஸ் முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்தால் வண்டி ஆர்.சி.யில் சொன்னபடியே நிற்கும். அதை வாகன மாற்றம் என்று சொல்ல முடியாது என்பது என் கருத்து.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்த மெத்தைதான். விடியற்காலையில் கிளம்பும்போது உங்களில் ஒருவர் அதில் தூங்கிக்கொண்டு வருவார், பக்கத்தில் மூன்று பைக்கும் பெட்ரோல் கேனும் இருக்கும் என்று நினைக்கிறேன். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருபவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று ஆஷா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரருக்குப் பாதுகாப்பு உண்டு, அதுவும் கேபினில் உட்கார்ந்து வந்தால் மட்டும். சில வருடங்களுக்கு முன் ஒருவர் சிறு வழக்குகள் நீதிமன்றத்தின் தீர்ப்பு நகலோடு என்னிடம் வந்தார். அவருடைய லோடு வண்டி கவிழ்ந்ததில், பின்னால் சரக்கோடு உட்கார்ந்து வந்த நண்பர் இறந்துபோனார். இழப்பீடு முழுவதும் இவர் தலையில் விழுந்திருந்தது. இருவரும் ஒரே தெரு. ‘அவங்க அம்மா தினமும் என் வீட்டைத் தாண்டித்தான் சார் தண்ணி பிடிக்கப் போறாங்க’ என்று சொன்னார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. தம்பி, புது வண்டி வாங்கும்போது முதலில் ஆட்களை எண்ணுங்கள், பிறகு பைக்கை எண்ணுங்கள். கேபினில் இரண்டு சீட்தான் என்றால் மூன்றாமவர் பஸ்ஸிலோ வேறு பைக்கிலோ வரட்டும்.

பெட்ரோலுக்கும் கணக்கு உண்டு. லைசென்ஸ் இல்லாமல் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடியது மொத்தம் 30 லிட்டர் என்கிறது பெட்ரோலியம் சட்டம் 1934, பிரிவு 8. அதுவும் இறுக மூடிய உலோக கேனில், ஒரு கேனுக்கு 25 லிட்டருக்கு மிகாமல். பிளாஸ்டிக் கேன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பைக் டேங்கில் உள்ளதையும் இந்த 30-இல் சேர்த்தே கணக்கிடுங்கள். மூடிய வேனுக்குள் பெட்ரோல் ஆவி தங்கினால், ஏதாவது ஒரு சுவிட்சின் பொறியே போதும். டிராக் இருப்பது 40 கிலோமீட்டர் தூரத்தில். வழியெல்லாம் பங்க் இருக்கிறது. காலி கேனோடு போய் அங்கே நிரப்பிக்கொள்ளலாமே.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, வேனின் பாலிசி வேனுக்கும் வெளியாட்களுக்கும்தான். உள்ளே இருக்கும் பைக் நசுங்கினால் அதில் பணம் வராது. தனியாக டிரான்சிட் பாலிசி எடுக்க வேண்டும். டிராக்கில் விழுந்தால் எந்தச் சாதாரண டூ வீலர் பாலிசியும் தராது. ஆம்னிபஸ்ஸாகப் பாலிசி எடுத்துவிட்டுச் சரக்கு ஏற்றியது தெரிந்தால், வேனுக்கான கிளெய்மிலும் கம்பெனி தகராறு செய்யும்.

இப்போது கையில் இருக்கும் செக் ரிப்போர்ட்டுக்கு வருவோம். அதில் எந்தப் பிரிவுகள் எழுதியிருக்கின்றன என்று முதலில் படியுங்கள். 52 மட்டுமா, பெர்மிட்டும் சேர்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். வெல்டிங்கை அறுத்தெடுத்து, பழைய சீட்டுகளையே அதே இடத்தில் பொருத்துங்கள். உள்ளே நாலு பக்கமும் போட்டோ எடுத்து, ஒர்க்‌ஷாப் பில்லோடு, ரிப்போர்ட்டில் குறித்த ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வண்டியை ஓட்டிப் போய்க் காட்டுங்கள். சரிசெய்துவிட்டேன் என்று எழுத்து மூலம் மனு கொடுத்து, அதன் நகலில் ஆபீஸ் சீல் வாங்கிவிடுங்கள். அபராதத்துக்கு ரசீது கேளுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்கப்போவது அந்த ரசீதையும் சீல் வைத்த நகலையும்தான்.