அம்மாவின் பிறஷர் 194: நெருக்கடி உடம்பிலா, மனதிலா?

கேள்வி: மாங்குளத்துக்கு உள்ளே இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது, பல வருடமாகப் பிறஷர் குளிசை எடுக்கிறா. அண்ணா 2009இல் காணாமல் போனவர். ஒவ்வொரு மே மாதமும் அம்மாவுக்கு நித்திரை வராது, நெஞ்சு இறுகும், கை நடுங்கும். போன கிழமை அப்படி இருக்கும்போது மெஷின் 194/122 காட்டியது. டொக்டர் கிளினிக் கொப்பியில் 'கிரைசிஸ்' என்று எழுதினார். உளவளத்துணையாளரும் 'நெருக்கடி' என்கிறார். இரண்டும் ஒன்றா? திரும்ப வந்தால், பக்கத்து வீட்டு அக்கா சொல்வதுபோல் நாக்குக்குக் கீழே குளிசை வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம். நிபெடிபின் என்ற பிறஷர் குளிசையை உடைத்து நாக்கின் கீழ் வைத்தால் இரத்த அழுத்தம் எவ்வளவு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வருடக்கணக்காக உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கு, அது திடீரென்று விழுந்தால் இரத்தம் போதாமல் பக்கவாதம் வரலாம். ஆஸ்பத்திரியில்கூட முதல் ஒரு மணித்தியாலத்தில் பொதுவாகக் கால்பங்குக்கு மேல் குறைக்க மாட்டார்கள். (நெஞ்சுவலிக்கென்று டொக்டர் எழுதித் தந்த நாக்கடிக் குளிசை வேறு.)

டொக்டர் எழுதியது உடம்பு நெருக்கடி. மேல் எண் 180ஐ அல்லது கீழ் எண் 120ஐத் தாண்டினால் அப்படி எழுதுவார்கள். ஆனால் எண்ணைவிட, கூட என்ன வருகிறது என்பதுதான் முக்கியம். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு, தாங்க முடியாத தலையிடி: இதில் ஒன்று இருந்தாலும் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். கர்ப்பிணிக்கு 160/110 என்றாலே அவசரம்.

ஒன்றும் இல்லையென்றால், முதுகு சாய்த்து, கால் நிலத்தில் பட, கதைக்காமல் ஐந்து நிமிடம் இருத்துங்கள். சட்டைக்கு மேலே பட்டி கட்டக்கூடாது, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். தேத்தண்ணி குடித்தோ வெற்றிலை போட்டோ அரை மணித்தியாலம் ஆகாமல் அளந்த எண்ணை நம்ப வேண்டாம். திரும்ப அளந்தும் 180க்கு மேலேயே நின்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தவறிய குளிசைக்காக இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். இப்படி ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் இடையில் குளிசையை விட்டதுதான். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபெனக்கும் அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

உளவளத்துணையாளர் சொல்வது வேறு. கஷ்டத்தைத் தாங்க ஒருவருக்கு வழக்கமாக உதவும் வழிகள் எல்லாம் ஒரேயடியாகக் கைவிடும் நிலையைத்தான் உளவியலில் நெருக்கடி என்பார்கள். 1960களில் மனநல மருத்துவர் ஜெரால்ட் கப்ளான் விளக்கியபடி அது நான்கு முதல் ஆறு கிழமைக்குள் ஏதோ ஒரு பக்கம் திரும்பும். அந்த நாட்களில் கிடைக்கும் சின்ன உதவியும் அதிகம் வேலை செய்யும். முதல் நெருக்கடி மணித்தியாலக் கணக்கு, இது கிழமைக் கணக்கு.

அம்மாவுக்கு இரண்டும் ஒன்றையொன்று தூண்டுகின்றன. பயமும் நித்திரையின்மையும் அழுத்தத்தை ஏற்றும். கவலையில் குளிசை மறந்துபோகும். உடல் கிடைக்காத மகனுக்கு எட்டுச்செலவு, அந்தியேட்டி என்ற இறுதிக் கிரியைகளும் இல்லை. அதனால் இந்தத் துக்கம் வருடா வருடம் புதிதாகவே வரும். இதைப் 'பழசை யோசிக்காதே' என்று அடக்குவது சரியல்ல. அதற்காக நெஞ்சு இறுக்கத்தை 'மே மாத யோசனை' என்று தள்ளிவிடவும் கூடாது. முதலில் ஈசிஜி எடுக்க வேண்டும். இதயம் சரி என்று தெரிந்த பிறகே அதைப் பதற்றம் என்று சொல்லலாம். பதற்றத் தாக்கம் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் அரை மணித்தியாலத்தில் தணியும். அப்போது பக்கத்தில் இருந்து, மூச்சை நீட்டி மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். முகத்தில் பை வைக்க வேண்டாம்.

சித்திரையிலேயே ஒரு கிளினிக் நாள் எடுத்து, காலை மாலை அளந்த எண்களைக் கொப்பியில் எழுதிக் கொண்டுபோங்கள். மேயில் அம்மாவைத் தனியே விடாதீர்கள். நினைவுநாளுக்குப் போக விரும்பினால் கூட்டிக்கொண்டு போங்கள், குளிசையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். நித்திரையும் சாப்பாடும் ஆறு கிழமை தாண்டியும் திரும்பாவிட்டால் மாவட்ட வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் காட்டுங்கள். 'இருந்து என்ன பயன்' என்று சொன்னால், சாக நினைக்கிறாவா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் அதிகரிக்காது. வயல் மருந்துகளை அன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்தி, 1926க்கு அழையுங்கள். அது தேசிய உளநல உதவி இலக்கம்.