அவனை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது? ஏடிஹெச்டி பிள்ளைகளின் வீட்டிலிருந்து வந்த கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமலோ, ஓரிடத்தில் அடங்கி இருக்க முடியாமலோ தவிக்கவைக்கும் நிலை) உள்ள பிள்ளைகளை வளர்ப்பவர்கள் அனுப்பியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அடையாளங்களை எடுத்துவிட்டேன்.

மகனுக்கு 8 வயது. போன வருஷம் ஏடிஹெச்டி என்று டாக்டர் சொன்னார். "அவனிடம் இருக்கும் நல்லதைப் பாருங்கள், அதை வளர்த்துவிடுங்கள்" என்று கவுன்சலிங்கில் சொல்கிறார்கள். மனசைத் திறந்து சொல்கிறேன் மேடம், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து அவன் பின்னால் ஓடுவதுதான் என் வேலை. எந்த நல்லதைப் பார்க்க?
— ஓர் அம்மா, மதுரை

தெரியாமல் போனதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. நாள் முழுக்கப் பின்னால் ஓடுகிறவருக்கு நின்று பார்க்க ஏது நேரம்? பள்ளி டைரியில் புகார், பக்கத்து வீட்டிலிருந்து புகார், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் அங்கேயும் புகார். பல வருஷம் இதையே கேட்ட காதுக்கு வேறெதுவும் கேட்காது.

ஒரு வாரத்துக்கு மட்டும் ஒரு வேலை செய்யுங்கள். சின்ன நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அவன் தானாகவே ஒரு விஷயத்தில் 5 நிமிடமாவது நிலைத்திருந்தால் அதைக் குறித்து வையுங்கள். ஃபோனும் டிவியும் கணக்கில் சேராது. என்ன செய்தான் என்பதோடு நிறுத்தாதீர்கள். நின்றுகொண்டிருந்தானா, உட்கார்ந்திருந்தானா, கையில் என்ன இருந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், மணி என்ன என்பதையும் எழுதுங்கள்.

வீட்டாரின் அனுமதியோடு ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். 9 வயது. ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மேல் ஏறவே இல்லை. உட்காரவைத்தால் இரண்டு நிமிடத்தில் பென்சிலைக் கடித்துத் துப்பியிருப்பான். அவன் அம்மாவிடமும் இதே நோட்டு வேலையைக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் இப்படி இருந்தது: "சாயங்காலம் 5.30லிருந்து 7 வரை தாத்தாவின் பூக்கடையில் நின்றான். ஒரு தடவைகூட ஓடவில்லை." விசாரித்தேன். மல்லி முழம் 30 ரூபாய், கதம்பம் 20. ஒருவர் மூன்று முழம் மல்லியும் இரண்டு முழம் கதம்பமும் வாங்கிக்கொண்டு 200 ரூபாய் நீட்டுகிறார். பையன் பூவை இலையில் மடித்துக்கொண்டே 70 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கிறான்!

வாய்ப்பாடு வராத பிள்ளை அல்ல அவன். கடையில் நிற்கலாம், கைக்கு வேலை இருக்கிறது, ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், கணக்கு சரியா தப்பா என்று அந்த நிமிடமே தெரிந்துவிடுகிறது, தப்பு வந்தால் தாத்தா திட்டாமல் திருத்துகிறார். படிக்கிற மேசையில் இந்த ஐந்தில் ஒன்றும் கிடையாது. அதனால் கடையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சுவரில் ஒரு பலகை, கையில் சாக்பீஸ், அம்மாதான் வாடிக்கையாளர். "முழம் 8 ரூபாய், ஆறு முழம் கொடுப்பா." எட்டாம் வாய்ப்பாடு முழக் கணக்காகவே உள்ளே போனது. அப்புறம் ஒன்பது.

அவன் கையெழுத்து இன்றும் கோணல்தான், வாட்டர் பாட்டிலை இன்றும் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் வருகிறான். பூக்கடை அவனுக்கு மருந்தாகிவிடவில்லை, ஒரு கைப்பிடியைக் காட்டியது, அவ்வளவுதான். கனமான பாத்திரத்தைக் கைப்பிடி உள்ள பக்கம்தானே பிடித்துத் தூக்குவோம்? கவுன்சலிங்கில் 'நல்லது', 'பலம்' என்று சொல்வது அந்தக் கைப்பிடியைத்தான். உங்கள் நோட்டில் அது எங்கே இருக்கிறதென்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸுக்கும் இதுதான் இருந்தது, இது குறையே இல்லை, வரம் என்கிறார்கள். நம்பலாமா?
— ஓர் அப்பா, திருச்சி

ஃபெல்ப்ஸுக்கு 9 வயதில் ஏடிஹெச்டி என்று கண்டறிந்தார்கள் என்பது உண்மை. ஒலிம்பிக்கில் 28 பதக்கம் வாங்கினார், அதில் 23 தங்கம். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸும் தனக்குச் சின்ன வயதிலிருந்தே இது இருப்பதாக 2016ல் வெளிப்படையாகச் சொன்னார். ஆனாலும் வரம் என்று நான் சொல்லமாட்டேன். ராத்திரி பத்து மணிக்கு ஹோம்வொர்க்கோடு அழுகிற பிள்ளையிடம் போய் இது வரம் என்றால், அதன் கஷ்டத்தை நாம் பார்க்கவில்லை என்று ஆகிவிடும்.

பதக்கங்களை விட்டுவிட்டு ஃபெல்ப்ஸின் அம்மா டெபி செய்ததைப் பாருங்கள். அவர் ஓர் ஆசிரியை. பையன் கணக்கை வெறுத்தபோது, நீச்சலை வைத்தே கணக்குப் போடச் சொன்னார்: நொடிக்கு 3 மீட்டர் நீந்தினால் 500 மீட்டருக்கு எவ்வளவு நேரம்? படிக்கப் பிடிக்காதபோது செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைக் கையில் கொடுத்தார். போட்டியில் தோற்று அவன் கொதித்தால், பார்வையாளர் பகுதியிலிருந்தே விரல்களை ஆங்கில 'சி' எழுத்துபோல் வளைத்துக் காட்டுவார். நிதானத்துக்கு வா என்று இருவருக்கும் இடையில் ஒரு சைகை. ஊரே பார்க்கும் இடத்தில் கத்த வேண்டியதில்லை. அந்தச் சைகைக்குக் காசு செலவில்லை, இன்றைக்கே உங்கள் வீட்டில் ஒன்று உருவாக்கலாம். எந்தச் சைகை என்பதை மட்டும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

மகளுக்கு 10 வயது. அரை மணி நேர ஹோம்வொர்க் மூன்று மணி நேரம் இழுக்கிறது. கடைசியில் அவளும் அழுகிறாள், நானும் அழுகிறேன்.
— ஓர் அம்மா, வேலூர்

முதலில் ஒரு விஷயம். 2007ல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள். ஏடிஹெச்டி உள்ளவர்களின் மூளைப் புறணி (மூளையின் மேலடுக்கு) மற்றவர்களைப் போலவே அதே வரிசையில்தான் முதிர்கிறது, ஆனால் சராசரியாக 3 ஆண்டு பிந்தி. அதாவது உங்கள் 10 வயது மகள் பேச்சிலும் அறிவிலும் 10 வயதுதான். நேரத்தைப் பார்த்துத் தன்னைத் தானே நடத்திக்கொள்வதில் மட்டும் 7 வயதுப் பிள்ளைபோல. 7 வயதுப் பிள்ளையை அறையில் தனியாக விட்டு "முடிச்சிட்டு வா" என்போமா?

அதனால் கூடவே இருங்கள். சொல்லிக்கொடுக்கக்கூட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் கீரை ஆய்ந்தால் போதும். வேலை செய்யும் ஆள் ஒருவர் அருகில் இருந்தாலே இந்தப் பிள்ளைகளுக்குக் கை ஓடும். பள்ளியிலிருந்து வந்ததும் தொடங்காதீர்கள். சாப்பிட்டு, அரை மணி நேரம் ஓடியாடி வரட்டும். வேலையைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சமையலறை டைமர் கண்ணுக்குத் தெரியும்படி மேசையில் இருக்கட்டும், ஏனென்றால் "இன்னும் கொஞ்ச நேரம்" என்பது அவளுக்கு எதையும் குறிக்காது. பத்து கணக்கையும் ஒரே தாளில் பார்த்தால் மலைத்துப்போவாள். இரண்டை மட்டும் காட்டி மற்றதை மூடிவையுங்கள்.

ஆசிரியரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: பத்து கணக்குக்குப் பதில் ஐந்து கணக்கு ஒழுங்காகப் போட்டால் ஏற்பார்களா? கேட்காமல் பயந்துகொண்டிருக்கும் பெற்றோர்தான் அதிகம். எத்தனையோ ஆசிரியர்கள் மனமுவந்து ஒத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

மனைவி அடிக்காதீர்கள் என்கிறாள். நானும் சின்ன வயதில் இவனைப் போலத்தான். அப்பா பெல்ட்டை எடுப்பார். அதனால்தான் இன்று ஒரு நிலையில் இருக்கிறேன். செல்லம் கொடுத்தால் உருப்படுவானா?
— ஓர் அப்பா, கோவை

சார், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "நானும் இவனைப் போலத்தான்" என்பது. ஏடிஹெச்டி பெரும்பாலும் மரபுவழி வருவது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் அதில் முக்கால் பங்கு மரபணுக்களால் என்கின்றன. உங்களுக்கும் இருந்திருக்கலாம், இன்னும் இருக்கலாம். அப்படியானால் அவன் தலைக்குள் என்ன நடக்கிறதென்று உள்ளிருந்து தெரிந்த ஆள் அந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான்.

பெல்ட் அடித்த அன்று அடங்கினீர்கள். மறுநாள் அதே தப்பைச் செய்யவில்லையா? செய்திருப்பீர்கள். செய்யக்கூடாது என்று தெரியாமல் இந்தப் பிள்ளைகள் செய்வதில்லை. தெரிந்தது நினைவுக்கு வருவதற்குள் கை முந்திவிடுகிறது. அடி அந்த இடைவெளியை நீட்டாது, பயத்தைத்தான் கூட்டும், பொய் சொல்லவும் கற்றுக்கொடுக்கும். பள்ளியில் ஆசிரியர் அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டமே 17ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது. அப்பாவின் கை அதைவிட வலிக்கும்.

அடிக்கவில்லை என்றால் செல்லம் என்று அர்த்தமில்லை. இவனுக்கு மற்றப் பிள்ளைகளைவிட விதிகள் தெளிவாகவே வேண்டும். மூன்றே விதி, சுவரில் எழுதி ஒட்டுங்கள். "கத்தாதே" என்று வேண்டாம், "மெதுவாகப் பேசு" என்று எழுதுங்கள். விளைவு சின்னதாக, உடனடியாக இருக்கட்டும். ஒரு வாரம் கிரிக்கெட் கிடையாது என்பது அவனுக்கு மூன்றாம் நாளே எதற்கென்று மறந்துவிடும். கதவை ஓங்கி அறைந்தானா, கூப்பிட்டு மறுபடி மெதுவாகச் சாத்தச் சொல்லுங்கள். சாத்திவிட்டானா, சரி, முடிந்தது. அதன்மேல் பேச்சு வேண்டாம்.

இன்னொன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைக்கும்போது அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சின்ன வயதில் நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள். அடியைப் பற்றி அல்ல. வகுப்பில் உட்கார முடியாமல் கால் துடித்ததை, நண்பர்கள் சிரித்ததை. அப்பாவுக்கும் இப்படி இருந்ததா என்று அவன் ஒரு பார்வை பார்ப்பான்.

எதற்கெடுத்தாலும் பாராட்டினால் தலைக்கனம் வராதா?
— ஓர் அம்மா, தஞ்சாவூர்

"சமத்து", "சூப்பர்" என்று பொதுவாகச் சொன்னால் அவன் காதிலேயே ஏறாது. கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: "கோபம் வந்தும் தம்பியை அடிக்காமல் வெளியே போய்விட்டாயே, பார்த்தேன்." செய்த உடனே சொல்ல வேண்டும், பின்னால் "ஆனால்" போடக்கூடாது. நாள் முழுக்கத் திட்டு வாங்கும் பிள்ளைக்கு இதனால் தலைக்கனம் வருவதற்கு வாய்ப்பே இல்லை.

ஃபோனில் மூன்று மணி நேரம் அசையாமல் இருக்கிறானே, அப்புறம் என்ன கவனக்குறைவு? இனிப்பை நிறுத்தினால் சரியாகுமா?
— இருவர் கேட்டது

கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய இடத்துக்குத் திருப்ப முடியவில்லை என்பதுதான் சிக்கல். ஃபோன் நொடிக்கொரு பரிசு கொடுப்பதால் திருப்ப வேண்டிய வேலையே அங்கே இல்லை. இனிப்பைப் பொறுத்தவரை, சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதில்லை என்று 1995லேயே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பல்லுக்காகக் குறையுங்கள், இதற்காக வேண்டாம்.

மகளுக்கு 11 வயது. அமைதியானவள், ஆனால் எப்போதும் ஏதோ கனவில். மிஸ் "ஓடியாடவில்லையே, அதெல்லாம் இருக்காது" என்கிறார்.
— ஓர் அம்மா, நாகர்கோவில்

இருக்கலாம். ஓட்டமே இல்லாமல் கவனச்சிதறல் மட்டும் உள்ள வகை ஒன்று உண்டு. யாருக்கும் தொந்தரவில்லாததால் பெண் பிள்ளைகளை, அதுவும் சாதுவானவர்களை, பல வருஷம் கவனிக்காமலே விட்டுவிடுகிறோம். "சோம்பேறி" என்ற பட்டம் அதற்குள் ஒட்டிக்கொள்ளும். 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததா, வீட்டிலும் பள்ளியிலும் இருக்கிறதா, 6 மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். காட்டிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். கனவில் அவள் என்ன பார்க்கிறாள் என்றும் ஒருநாள் கேளுங்கள். இப்படி ஒரு பெண் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு முழு ஊரையே வரைந்து வைத்திருந்தாள், ஒவ்வொரு வீட்டுக்கும் பெயரோடு.

மாத்திரை கொடுத்தால் நாங்கள் தோற்றுவிட்டதாக அர்த்தமா?
— பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

இல்லை. கண்ணாடி போட்டால் கண் தோற்றதாக யாரும் சொல்வதில்லை. 6 வயதுக்குக் கீழ் என்றால் முதலில் பெற்றோருக்கான பயிற்சி; 6க்கு மேல் என்றால் தேவைப்படுவோருக்கு மருந்தும் பயிற்சியும் சேர்த்து. 2019ல் வந்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்க வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. இதற்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து பசியைக் குறைக்கலாம், தூக்கத்தைத் தள்ளலாம். அதனால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், எடையையும் உயரத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறீர்கள் என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அங்கே டி.இ.ஐ.சி. (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட மையம்) எங்கே என்றும் கேளுங்கள், 18 வயது வரை பார்ப்பார்கள். ராத்திரி நேரத்தில் மனசு உடைந்தால் 14416க்கு அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

எனக்குப் படிப்பு இல்லை, பேத்தி எழுதித் தருகிறாள். பேரனை எல்லோரும் வாலு, அடங்காதவன் என்கிறார்கள். கேட்டால் வயிறு எரிகிறது. நான் என்ன செய்ய முடியும்மா?
— ஒரு பாட்டி, திருவையாறு

அவனுக்கு ஓடிப்போய் வாங்கிவரும் வேலையைக் கொடுங்கள் பாட்டி. இன்று கடையில் ஒரே ஒரு பொருள். வாங்கி வந்துவிட்டால் நாளை இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பெருங்காயத்துக்குக் கட்டைவிரல், தீப்பெட்டிக்கு ஆள்காட்டி விரல். மறந்துவிட்டு வந்தால் திட்டாமல் திரும்ப அனுப்புங்கள், அவனுக்கு ஓடுவதில் கஷ்டமே இல்லை.

மத்தியானம் பல்லாங்குழியை எடுங்கள். கைக்குள் புளியங்கொட்டை இருக்கும்போது கால் அடங்கும். தன் முறை வரும்வரை காத்திருப்பதும் எண்ணுவதும் அதிலேயே வந்துவிடும். வாலு என்று யாராவது உங்கள் முன்னால் சொன்னால், அவன் காதில் விழும்படி நீங்கள் இப்படிச் சொல்லுங்கள்: "நேற்று மூன்று சாமானும் மறக்காமல் வாங்கிவந்தான் என் பேரன்."