மணியின் மாத்திரை வேளை

அன்புள்ள ஐயா,

எங்கள் சிப்பிப்பாறை நாய் மணிக்கு இரண்டு வயது. ஆடியில் மூன்று முறை வலிப்பு வந்தது. இரத்தப் பரிசோதனையில் குறையொன்றும் தெரியாததால், மருத்துவர் பீனோபார்பிட்டல் மாத்திரையை இரு வேளையும் கொடுக்கச் சொன்னார். இரண்டு மாதங்களாக வலிப்பு இல்லை. ஆனால் ஓயாத பசி, தாகம், வளவெல்லாம் சிறுநீர். ‘நிறுத்தித்தான் பாரேன்’ என்கிறார், வலிப்பின்போது இரும்புச் சாவியை அதன் காலடியில் வைத்த அப்பத்தா. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும்போது மாத்திரையை யார் கொடுப்பது என்பதும் கவலை. நிறுத்தலாமா?

வாசகி, தேவகோட்டை

அன்புள்ள வாசகிக்கு,

நிறுத்த வேண்டாம். நான் கால்நடை மருத்துவன் அல்லன். ஆனால், வலிப்புள்ள நாயை வளர்த்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். இரண்டு மாத அமைதி அந்த மாத்திரை தந்தது. அதைத் திடீரென நிறுத்தினால், முன்பிருந்ததைவிடக் கடுமையான வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காரணம் பிடிபடாத இவ்வகை வலிப்பு பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில்தான் தொடங்குகிறது. பல நாய்களுக்கு மருந்து ஆயுள் முழுக்கத் தேவைப்படும்.

பசியும் தாகமும் மருந்தின் விளைவுகளே. தண்ணீரைக் குறைக்காதீர்கள், வெளியே விடும் வேளைகளைக் கூட்டுங்கள். சோற்றை அளந்து வையுங்கள், இல்லையேல் ஒல்லியான சிப்பிப்பாறையும் பருத்துவிடும். ஈரலையும் இரத்தத்தில் மருந்தின் அளவையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சோதித்துக்கொள்ளுங்கள்.

அப்பத்தாவின் சாவியால் கெடுதல் இல்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும், பெயர் சாவிக்குப் போகும். வாயைப் பிளந்து விரலை விடுவதுதான் ஆபத்து. நாய் நாக்கை விழுங்கிவிடாது, உங்கள் விரலைக் கடித்துவிடும். உங்கள் வளவில் முற்றம் தாழ்ந்தும் சுற்றிலும் தூண்கள் நின்றும் இருக்குமாதலால், மணியை விளிம்பிலிருந்தும் தூணிலிருந்தும் மெல்ல இழுத்து, தலைக்கடியில் பழைய சேலையை மடித்து வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடங்களைத் தாண்டினாலும், ஒரே நாளில் மறுபடி வந்தாலும், உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். முடிந்தால் கைபேசியில் படமெடுங்கள். நம் வர்ணனையைவிட அது மருத்துவருக்கு உதவும்.

பழனி நாட்களுக்கு, வீட்டில் தங்கும் ஒருவரை இப்போதிருந்தே பழக்குங்கள். பன்னிரண்டு மணி நேர இடைவெளி தவறக் கூடாது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. இந்த மாத்திரையை மருந்துக்கடையில் சீட்டில்லாமல் தரமாட்டார்கள். ஆகவே புறப்படுமுன் சீட்டைப் புதுப்பித்து, போதுமான மாத்திரைகளை வாங்கி வைத்துவிடுங்கள்.