பெல்ட்டை இறுக்கினால் தள்ளாட்டம் நிற்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. கோத்தகிரி பக்கம் கொழுந்து பறிக்கிறார். இடுப்பு வலிக்காக மூன்று மாதமாகப் பெல்ட் போடுகிறார். வலி கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் சரிவில் இறங்கும்போது, அதுவும் பனிமூட்டம் சூழ்ந்துவிட்டால், தள்ளாடுகிறார். பெல்ட்டை இன்னும் இறுக்கிக் கட்டலாமா?

பதில்: வேண்டாம். இறுக்கினால் மூச்சுதான் முட்டும்.

முதலில் இதைப் பாருங்கள். காலில் மரத்துப்போவது, பாதம் தொங்கிச் செருப்பு நழுவுவது, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைவது, சிறுநீர் அடக்க முடியாமலோ வராமலோ போவது – இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இவை இல்லையென்றாலும் சர்க்கரை, பிரஷர் மாத்திரை, கண் பார்வை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தள்ளாட்டத்துக்கு எப்போதும் இடுப்புதான் காரணம் என்றில்லை.

சரி, இடுப்புக்கு வருவோம். விழாமல் நிற்கக் கண், உள்காது, தசைகளும் மூட்டுகளும் அனுப்பும் சேதி, மூன்றும் வேண்டும். வெயில் நாளில் அம்மா கண்ணை வைத்தே சமாளித்திருப்பார். மூட்டம் வந்தால் அது போச்சு. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் பலருக்கு இடுப்பிலிருந்து வரும் சேதியும் மங்கியிருக்கும். உடம்பை விறைத்துக்கொண்டு கணுக்காலை மட்டும் நம்பி நிற்பார்கள். சமதரையில் அது போதும். ஈரச் சரிவில், முதுகில் கொழுந்துப் பையோடு போதாது.

கையைச் சட்டென்று முன்னால் தூக்கிப் பாருங்கள். கை அசையும் முன்பே அடிவயிற்றின் ஆழத்தில் உள்ள தசை இறுகி இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். இடுப்பு வலி உள்ளவர்களிடம் இந்தப் பிடி தாமதமாக வருவதை 1996இல் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். பெல்ட் வெளியிலிருந்து தாங்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் தசைக்கு நேரம் தவறாமல் இறுகச் சொல்லித்தராது. (இதைக் கேட்டுவிட்டு நாள் முழுக்க வயிற்றை எக்கிக்கொண்டு திரிபவர்களும் உண்டு. அது வேண்டாம்.)

செய்ய வேண்டியது இது. பாயில் கையும் முழங்காலும் ஊன்றி மாடுபோல் நிற்கச் சொல்லுங்கள். இடுப்பின்மேல் ஒரு சில்வர் டம்ளரில் கால்வாசித் தண்ணீர் வையுங்கள். வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் மெதுவாக நீட்டி 10 விநாடி. பிறகு பக்கம் மாற்றி. டம்ளர் சரிந்தால் இடுப்பு திரும்பிவிட்டது என்று அர்த்தம். அப்போது கையை விட்டுவிட்டுக் காலை மட்டும் நீட்டட்டும். பக்கத்துக்கு ஐந்து முறை போதும். தூங்கி எழுந்ததும் செய்ய வேண்டாம். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டுகள் (டிஸ்க்) அப்போது நீர் ஏறி உப்பியிருக்கும், ஒரு மணி நேரம் போகட்டும்.

ஆனால் பாயில் செய்தது மட்டும் சரிவில் கைகொடுக்காது. நிற்கப் பழகினால்தான் நிற்க வரும். சமையல் மேடையை ஒரு விரலால் தொட்டபடி ஒற்றைக் காலில் 20 விநாடி. அது சுலபமானதும் விரலை எடுக்கலாம். அப்புறம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், இரண்டு காலையும் ஊன்றிக் கண்ணை மூடி நிற்கட்டும். மூட்டத்தில் நிற்பதற்கு ஒத்திகை அதுதான்.

ஆறேழு வாரம் விடாமல் செய்து பாருங்கள். அதுவரை பெல்ட்டைத் தூக்கி எறிய வேண்டாம். பை சுமக்கும் நேரத்துக்கு மட்டும் போடட்டும், வீட்டுக்கு வந்ததும் கழற்றட்டும். மழை நாளில் இலை நனைந்து பை கனக்கும். அன்றைக்குப் பாதிப் பையிலேயே எடைக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.